வேகமான குவார்ட்டர்பேக்: எறிவதா, பிடிப்பதா?

அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல்-லின் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஏப்ரல் மாத டிராஃப்ட் நெருங்க நெருங்க, ஆட்டம் பார்ப்பவர்களுக்குள் ஒரு வாக்குவாதம் தவறாமல் கிளம்பும். கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடிய பையன் ஒருவன். கால் வேகம் அசாத்தியம். எறிவது மட்டும் ஒரு வாரம் நன்றாக இருக்கும், அடுத்த வாரம் சொதப்பும். "பேசாமல் வைட் ரிசீவராக மாற்றிவிடலாம்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "அவனை எறியவே விடமாட்டீர்களா?" என்று இன்னொருவர் எகிறுவார். இந்த வாக்குவாதத்தில் சிக்கிக்கொண்டு, உண்மையில் எதுதான் சரி என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அணியின் இடத்திலிருந்து பார்க்காமல், அந்தப் பையனின் இடத்திலிருந்து பார்க்கிறேன். முடிவு தப்பினால் போவது அவனுடைய வாழ்க்கைதானே.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு இரண்டு வரி. ஒவ்வொரு பிளேயும், அதாவது பந்தை முன்னே நகர்த்தும் ஒவ்வொரு முயற்சியும், குவார்ட்டர்பேக்கின் கையில்தான் உயிர் பெறுகிறது. எதிரணியின் அமைப்பைப் படித்து, சில விநாடிகளுக்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர் அவர். வைட் ரிசீவர், தன்னை ஒட்டிக்கொண்டு வரும் தடுப்பாளரை உதறிவிட்டு, சொன்ன இடத்துக்குச் சொன்ன நேரத்தில் போய்ப் பந்தைப் பிடிப்பவர். இரண்டுக்கும் வேகம் உதவும். ஆனால் இரண்டும் வெவ்வேறு தொழில்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேர்கோட்டில் எவ்வளவு வேகமாக ஓடுகிறான் என்பதை வைத்து இந்த முடிவை எடுக்கவே கூடாது. பெரும்பாலும் அதை வைத்துத்தான் எடுக்கிறார்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், எறியும் கை. அவனால் என்எஃப்எல் வேகத்தில் எறிய முடியுமா, முடியாதா என்பதற்கு ஆட்டங்களில் ஆதாரம் இருக்கிறதா? இதற்குத் தெளிவான பதில் இல்லாமல் மற்றதைப் பேசுவதில் பயன் இல்லை.

இரண்டாவது, திசை மாற்றும் வேகம். இண்டியானாபொலிஸில் நடக்கும் தேர்வு முகாமில் எல்லோரும் 40 யார்டு ஓட்டத்தைத்தான் பார்ப்பார்கள். ஆனால் ரிசீவரின் பிழைப்பு, முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நின்று திரும்புவதில் இருக்கிறது. அதைக் காட்டுவது 20 யார்டு ஷட்டில். ஒரு பக்கம் 5 யார்டு, மறுபக்கம் 10, திரும்பவும் 5 ஓட வேண்டும்.

மூன்றாவதை யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு இதுதான் மிக முக்கியம்: கற்றுக்கொள்ளும் காலத்தில் அவனை அணியில் வைத்திருக்க அணிக்கு என்ன காரணம்? ஓர் அணியில் 53 பேருக்குத்தான் இடம். அதற்கு வெளியே, பயிற்சிக்கென்று வைத்திருக்கும் 16 பேர் கொண்ட பிராக்டிஸ் ஸ்க்வாட் உண்டு. 2025 சீசனில் 53 பேருக்குள் இருக்கும் புதுமுகத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 8,40,000 டாலர். பிராக்டிஸ் ஸ்க்வாடில் வாரத்துக்கு 13,000 டாலர்தான். 18 வாரம் தாக்குப்பிடித்தாலும் 2,34,000. அங்கே இருப்பவரை எந்த வாரமும் அனுப்பிவிடலாம். அதனால் ரிசீவர் வேலை கைவரும்வரை, பண்ட் ரிட்டர்ன், கிக் ஆஃப் ரிட்டர்ன் (இரண்டும் எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுவது) என்று, உதைக்கும் பிளேகளுக்கான ஸ்பெஷல் டீம்ஸில் ஏதாவது ஒன்றில் பயன்பட வேண்டும்.

நான்காவது, பணத்தின் உச்சவரம்பு. 2024-ல் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் வாங்கிய ஒப்பந்தம் ஆண்டுக்குச் சராசரி 6 கோடி டாலர். 2025-ல் ரிசீவர்களின் உச்சமாக ஜமார் சேஸ் வாங்கியது ஆண்டுக்கு 4 கோடியே 2 லட்சம் டாலருக்குச் சற்று மேல். இது சிகரத்தில் இருப்பவர்களின் கணக்கு. ஆனால் அடிமட்டத்திலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சுமாரான இரண்டாம் நிலை குவார்ட்டர்பேக்கால் பந்து தொடாமலே பல ஆண்டு அணியில் இருக்க முடியும். சுமாரான ஐந்தாவது ரிசீவரால் முடியாது.

கடைசியாக, திரும்பி வர வழி இருக்கிறதா என்பது. எறிவதை நிறுத்தியவன் மறுபடி குவார்ட்டர்பேக்காக வருவது மிக அரிது.

## குவார்ட்டர்பேக்காகவே நிற்பது

லாமர் ஜாக்சனை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. லூயிவில் பல்கலைக்கழகத்தில் 2016-ல், கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர். 2018 டிராஃப்டுக்கு முன், பல அணிகளின் ஜெனரல் மேனேஜராக இருந்த பில் போலியன், ஜாக்சன் ரிசீவராக மாற வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஜாக்சன் தேர்வு முகாமில் ரிசீவர் பயிற்சி செய்து காட்ட மறுத்தார். 40 யார்டும் ஓடவில்லை. எறிந்து மட்டும் காட்டினார். ஓடிக் காட்டினால் அந்த ஒரு எண்ணை வைத்தே தன்னை ரிசீவர் என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்பது நியாயமான பயம்தான்.

அந்தப் பிடிவாதத்துக்கு விலையும் இருந்தது. அவருக்கு முன் நான்கு குவார்ட்டர்பேக்குகளை எடுத்தார்கள். முதல் சுற்றின் கடைசி இடமான 32-ல்தான் பால்டிமோர் அணி அவரை எடுத்தது. 2019-ல் 36 டச்டவுன் பாஸ் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் எறிதல்), 1,206 யார்டு ஓட்டம், ஒருமனதாக எம்விபி (மிகச் சிறந்த வீரர் விருது). 2023-ல் மறுபடியும் எம்விபி. அதே ஆண்டு ஐந்து வருடத்துக்கு 26 கோடி டாலர் ஒப்பந்தம். போலியன் தன் கணிப்பு தவறு என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

இந்தக் கதையை மட்டும் வைத்து எல்லோரையும் "விடாதே, நில்" என்று சொல்லிவிட முடியாது. வெஸ்ட் வர்ஜீனியாவின் பேட் வைட்டைப் பாருங்கள். அற்புதமான ஓட்டக்காரர். கல்லூரி இறுதியாண்டு வீரர்களுக்கான சீனியர் பவுல் ஆட்டத்தில் சிறந்த வீரர் விருது வாங்கினார். 2009-ல் மயாமி 44-ஆவது இடத்தில் எடுத்தது. முதல் சீசனில் ஐந்து முறை எறிந்து ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. சீசனின் கடைசி ஆட்டத்தில் தலையில் பலத்த அடி. அடுத்த செப்டம்பரில் அணி அனுப்பிவிட்டது.

நிற்பதற்கு இன்னொரு வாசலும் உண்டு: கனடா. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வாரன் மூன் 1978-ல் ரோஸ் பவுல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரர். ஆனாலும் குவார்ட்டர்பேக்காக அவரை எடுக்க என்எஃப்எல் அணிகளுக்கு ஆர்வம் இல்லை. அவர் எட்மண்டனுக்குப் போனார். 1978 முதல் 1982 வரை தொடர்ந்து ஐந்து முறை கனடா லீகின் கிரே கோப்பை. 1984-ல் ஹூஸ்டன் அழைத்தது. 2006-ல் ஹால் ஆஃப் ஃபேம். கனடா மைதானம் 65 யார்டு அகலமானது, அமெரிக்க மைதானத்தைவிட அகலம். பந்தை 10 யார்டு நகர்த்த அமெரிக்காவில் நான்கு முயற்சி (டவுன்), இங்கே மூன்றுதான், அதனால் பாஸ் அதிகம். ஓடிக்கொண்டே எறியத் தெரிந்தவனுக்கு ஏற்ற இடம். பணம் மிகக் குறைவு என்பதுதான் குறை.

இங்கே ஒரு வரலாற்றை மறக்கக் கூடாது. மூன் காலத்திலும் அதற்கு முன்பும், கறுப்பின குவார்ட்டர்பேக்குகளுக்கு இது ஒரு "தேர்வாக" வைக்கப்படவே இல்லை. மார்லின் பிரிஸ்கோ 1968-ல் டென்வருக்காக 14 டச்டவுன் பாஸ் எறிந்தார். அடுத்த ஆண்டு அந்த இடத்துக்குப் போட்டியிடவே வாய்ப்புத் தரவில்லை. பஃபலோ போய் ரிசீவராக மாறினார். 1970-ல் 1,036 யார்டு எடுத்தார். பிறகு 1972-ல் ஒரு தோல்விகூட இல்லாத மயாமி அணியிலும் இருந்தார். ரிசீவராக அவர் ஜெயித்தது உண்மை. அது அந்த அநியாயத்தைச் சரியாக்காது. அதனால் இன்றும் ஒரு அணி "மாறிவிடு" என்றால், முதலில் கேட்க வேண்டியது இதுதான்: என் எறிதலில் என்ன குறை, எந்த ஆட்டத்தில், எந்தப் பிளேயில்? பதில் "நீ ரொம்ப வேகம்" என்று மட்டும் இருந்தால், அது காரணமே இல்லை.

## டிராஃப்டிலேயே ரிசீவராக நுழைவது

மூன்று பேரை ஒப்பிட்டால் இந்த வழியின் சூட்சுமம் முழுக்கப் புரியும்.

ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் மேட் ஜோன்ஸ் 6 அடி 6 அங்குலம், 242 பவுண்டு. அந்த உடம்போடு 40 யார்டை 4.37 விநாடியில் ஓடினார். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். 2005-ல் ஜாக்சன்வில் முதல் சுற்றில் 21-ஆவது இடத்தில் எடுத்தது. நான்கு சீசனில் 166 கேட்ச், 2,153 யார்டு. அத்தோடு முடிந்தது. களத்துக்கு வெளியே இருந்த சிக்கல்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் களத்துக்குள்ளேயும் முதல் சுற்றுக்குரிய ரிசீவராக அவர் ஆகவில்லை.

ஆன்ட்வான் ரேண்டல் எல், இண்டியானா பல்கலைக்கழகம். கல்லூரி ஃபுட்பாலின் மேல்மட்டத்தில் 40 டச்டவுன் பாஸும் 40 டச்டவுன் ஓட்டமும் எடுத்த முதல் ஆள். 2002-ல் பிட்ஸ்பர்க் 62-ஆவது இடத்தில் எடுத்தது. முதல் ஆண்டிலிருந்தே பண்ட் ரிட்டர்ன் வேலையும் செய்தார். 2006 பிப்ரவரியில், என்எஃப்எல்-லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில், சக ரிசீவர் ஹைன்ஸ் வார்டுக்கு 43 யார்டு டச்டவுன் எறிந்தார். சூப்பர் பவுலில் ஒரு ரிசீவர் டச்டவுன் எறிந்தது அதுவே முதல் முறை. நட்சத்திர ரிசீவர் அல்ல. ஆனாலும் ஒன்பது சீசன் கௌரவமாக ஆடினார்.

மூன்றாவது ஜூலியன் எடல்மன். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் குவார்ட்டர்பேக். உயரம் 5 அடி 10 அங்குலம்தான். 2009 டிராஃப்டின் ஏழாவது சுற்றில் 232-ஆவது இடம். பேட் வைட் இரண்டாம் சுற்றில் போன அதே டிராஃப்ட். எடல்மன் தன் கல்லூரியில் ஓடிக் காட்டிய ஷட்டில் 3.91 விநாடி. அபாரமான எண். மேட் ஜோன்ஸின் 4.37-க்குக் கிடைத்த ஆரவாரத்தில் கால்பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் நடந்ததை ஆண்டுவாரியாகப் பார்க்க வேண்டும். 2009-ல் 37 கேட்ச். 2010-ல் வெறும் 7. 2011-ல் 4. 2012-ல் 21. முன்னேற்றம் இல்லை, சரிவு! மூன்றாவது ஆண்டில் எந்த அணியும் இப்படிப்பட்ட ரிசீவரை வழியனுப்பி வைத்திருக்கும். நியூ இங்கிலாந்து வைத்துக்கொண்டது. காரணம், அவர் பண்ட் ரிட்டர்ன் ஆடினார். 2010 சீசனில் 94 யார்டு ஓடி ஒரு டச்டவுன் எடுத்தார். 2011-ல் ஆள் பற்றாக்குறை வந்தபோது தடுப்பு வரிசையில் நின்றும் ஆடினார். அணியின் முக்கிய ரிசீவர் வெஸ் வெல்கர் டென்வருக்குப் போன பிறகு, 2013-ல், 105 கேட்ச், 1,056 யார்டு. ஆறு ஆண்டு கழித்து, 2019 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் 10 கேட்ச், 141 யார்டு, எம்விபி விருது.

ஆக நான்கு ஆண்டுக் கற்றல். புதுமுக ஒப்பந்தமும் சரியாக நான்கு ஆண்டுதான். முதல் ஒப்பந்தம் முழுவதும் பள்ளிக்கூடத்திலேயே கழிந்தது என்று அர்த்தம். இந்த வழியின் மறைந்த செலவு அதுதான். இரண்டாவது ஒப்பந்தத்துக்குப் பேரம் பேசும் நேரத்தில் காட்டக் கையில் எதுவும் இருக்காது.

இன்னும் சில செலவுகள் உண்டு. பயிற்சியில் குவார்ட்டர்பேக் மேல் யாரும் கை வைக்கக் கூடாது, அதற்கென்றே தனி நிற ஜெர்சி. ரிசீவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கோட்டில் நிற்கும்போதே எதிரணியின் தடுப்பாளரான கார்னர்பேக் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவான், அதை உதறிவிட்டுக் கிளம்பப் பழக வேண்டும். பந்து வராத பிளேகளில் தன்னைவிடப் பெரியவனைத் தடுத்து நிற்க வேண்டும். பந்துக்காகக் கண்ணை மேலே வைத்தபடி நடு மைதானத்தில் அடி வாங்க வேண்டும். எடல்மன் முழங்கால் காயத்தால் 2017 சீசன் முழுவதையும் இழந்தார். 2021-ல் ஓய்வு பெற்றபோதும் முழங்கால்தான் காரணம்.

மனசு ஒப்பவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு எரிக் கிரவுச். நெப்ராஸ்காவின் குவார்ட்டர்பேக், 2001 ஹைஸ்மன் விருது. செயின்ட் லூயிஸ் அணி மூன்றாம் சுற்றில் ரிசீவராக எடுத்தது. காயம் பட்டது, ஒரு சீசன் ஆட்டம்கூட ஆடாமல் விலகிவிட்டார்.

லாபப் பக்கமும் சொல்ல வேண்டும். குவார்ட்டர்பேக்காக இருந்தவனுக்கு எதிரணியின் அமைப்பைப் படிக்கத் தெரியும். எறிபவன் இந்த விநாடியில் தன்னை எங்கே தேடுவான் என்றும் தெரியும். மைதானத்தின் நடுப்பகுதியில் ஆடும் ஸ்லாட் ரிசீவருக்கு இது பெரிய சொத்து. அங்கே பல ரூட்களில் (ரிசீவர் ஓடும் பாதைகளில்), தடுப்பாளர் நிற்கும் பக்கத்தைப் பார்த்து ஓடும்போதே முடிவெடுக்க வேண்டியிருக்கும். வெளிப்புறத்தில் ஆடுபவனுக்கு இந்தச் சொத்து அவ்வளவாக உதவாது. ஜோன்ஸின் பிரமாண்ட உடம்பைவிட எடல்மனின் சின்ன உடம்பு பலித்ததற்கு இதையும் ஒரு காரணமாக நான் பார்க்கிறேன்.

## கல்லூரிக் கடைசி ஆண்டில் மாறுவது

காகிதத்தில் இதுதான் புத்திசாலித்தனமாகத் தெரியும். அடி வாங்கிக் கற்க வேண்டியதைக் கல்லூரியிலேயே கற்றுவிடலாம், அணிகள் பார்க்க ரிசீவராக ஆடிய வீடியோவும் இருக்கும். ஒஹாயோ ஸ்டேட்டின் பிராக்ஸ்டன் மில்லர் 2014-ல் தோள் காயத்தால் முழு சீசனையும் இழந்தார். அந்த ஆண்டு அவர் இல்லாமலே அணி தேசியச் சாம்பியன் ஆனது. 2015-ல் ரிசீவராக மாறினார். 2016-ல் ஹூஸ்டன் மூன்றாம் சுற்றில் எடுத்தது. ஆனால் என்எஃப்எல் ஆட்டங்களில் இரண்டு சீசனுக்கு மேல் நிலைக்கவில்லை. மாற்றம் அவரை டிராஃப்டில் மேலே ஏற்றியது, அதற்குமேல் கொண்டுபோகவில்லை. ஒரு வருடம் போதாது என்பதே இதில் எனக்குத் தெரிவது.

2021-லிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயருக்குப் பணம் வாங்கலாம் என்று ஆனதால் இதில் புதிதாக ஒரு செலவும் சேர்ந்திருக்கிறது. அந்தச் சந்தையில் குவார்ட்டர்பேக்குக்குத்தான் விலை அதிகம். மாறுபவன் அதையும் விட்டுக்கொடுக்கிறான்.

## எறிந்து பார்த்துவிட்டு மாறுவது

டெரெல் பிரையர் 2013-ல் ஓக்லண்ட் அணியின் குவார்ட்டர்பேக். பிட்ஸ்பர்க்குக்கு எதிராக 93 யார்டு ஓடியவர். என்எஃப்எல் வரலாற்றில் ஒரு குவார்ட்டர்பேக் ஓடிய மிக நீண்ட ஓட்டம் அது. பிறகு அணி அணியாக அலைந்து, 2015-ல் கிளீவ்லாண்டில் ரிசீவரானார். அந்த செப்டம்பரில் அனுப்பிவிட்டார்கள், டிசம்பரில் திரும்ப எடுத்தார்கள். அந்த ஆண்டு மொத்தம் ஒரே ஒரு கேட்ச். 2016-ல் 77 கேட்ச், 1,007 யார்டு! அடுத்த ஆண்டு வாஷிங்டனில் 20 கேட்ச், காயம், அதன்பிறகு எழவே இல்லை. தாமதமாகத் தொடங்கியவனுக்குத் தடுமாற நேரம் கிடையாது.

லோகன் தாமஸ் வேறு மாதிரி. 2014-ல் அரிசோனா குவார்ட்டர்பேக்காக எடுத்தது. அது பலிக்காமல் 2016-ல் டைட் எண்ட், அதாவது தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் பெரிய உடம்புக்காரர், ஆனார். 2020-ல் வாஷிங்டனில் 72 கேட்ச், 670 யார்டு. இங்கேயும் பாருங்கள், நான்கு ஆண்டு. உயரமும் எடையும் உள்ளவனுக்கு ரிசீவரைவிட டைட் எண்ட் நல்ல இடம் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கும் வயதெல்லை இருக்கிறது. டிம் டீபோ 33 வயதில், 2021-ல், டைட் எண்ட்டாக ஜாக்சன்வில்லில் சேர்ந்தார். ஒரு முன்சீசன் ஆட்டத்தோடு அனுப்பப்பட்டார்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | குவார்ட்டர்பேக்காக நிற்பது | டிராஃப்டில் ரிசீவர் | கல்லூரியில் மாறுவது | பிறகு மாறுவது |
|---|---|---|---|---|
| பண உச்சம் | மிக அதிகம் | நடுத்தரம் முதல் அதிகம் | அதேதான் | குறைவு |
| காத்திருப்பு | வாய்ப்பைப் பொறுத்தது | சுமார் 4 ஆண்டு | சற்றுக் குறையலாம் | நேரமே இல்லை |
| திரும்பி வர வழி | பிறகும் மாறலாம் | கிட்டத்தட்ட இல்லை | கிட்டத்தட்ட இல்லை | இல்லை |
| மறைந்த செலவு | டிராஃப்டில் கீழே இறங்குவது | முதல் ஒப்பந்தம் கற்றலில் போவது | கல்லூரி வருமானம் | வயது |
| பலித்தவர் | லாமர் ஜாக்சன் | எடல்மன், ரேண்டல் எல் | அரிது | லோகன் தாமஸ் |

## யாருக்கு எது

கல்லூரியில் பாக்கெட்டுக்குள் (தன்னைக் காக்கும் வீரர்களின் அரணுக்குள்) நின்று, மூன்றாவது ரிசீவர்வரை தேடி எறிந்த ஆதாரம் இருந்தால், நிற்க வேண்டும். டிராஃப்டில் கீழே இறங்கினாலும் சரி. 2025-ல் அலபாமாவின் ஜேலன் மில்ரோ குவார்ட்டர்பேக்காகவே 92-ஆவது இடத்தில் சியாட்டிலுக்குப் போனார். அந்த இடத்தில் எடுக்கப்பட்டு, மேலே ஒரு மூத்தவரிடம் பார்த்துக் கற்பது கௌரவக் குறைவு அல்ல.

எறியும் கைக்கு ஆதாரம் இல்லை, ஷட்டிலில் நல்ல நேரம், பந்தைப் பிடிப்பதில் பயம் இல்லை, பண்ட் ரிட்டர்ன் ஆடத் தயார் என்றால், டிராஃப்டிலேயே மாறிவிடலாம். தள்ளிப்போடத் தேவையில்லை. 2024-ல் கிக் ஆஃப் விதியை மாற்றியபிறகு திருப்பி ஓடும் வாய்ப்புகள் கூடிவிட்டன. இப்படிப்பட்ட பையனுக்கு இது பத்து ஆண்டுக்கு முன் இருந்ததைவிட நல்ல காலம்.

வேகம் மட்டும் இருக்கிறது, திரும்பும்போது இரண்டு மூன்று அடி கூடுதலாக எடுத்துவைக்கிறான் என்றால்? அவனை ரிசீவராக்கச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மிஷிகனின் டெனார்ட் ராபின்சன் போல ரன்னிங் பேக்காக, அதாவது பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவராக, போவது மேல். மூட்டுகளுக்கு அது கடினமான வழிதான், ஆனால் பந்து கைக்கு வரும், முதல் ஆண்டிலேயே பயன் தெரியும்.

இரண்டையும் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்பவர்களும் உண்டு. டேசம் ஹில்லை நியூ ஆர்லியன்ஸ் பல வேலைகளுக்குப் பயன்படுத்திய விதம் அழகானது. ஆனால் அதற்கு ஷான் பேட்டன் போல ஒரு கோச், ஒரு ஆளுக்காகத் தனிப் பிளேகள் வரையத் தயாராக இருக்க வேண்டும். கோச் மாறினால் அந்த வேலையும் போய்விடலாம். இதை நம்பித் திட்டம் போட வேண்டாம். வைட் ரிசீவராக மாறியபின் பழைய கையை ஒரு உபரியாக வைத்துக்கொள்வது வேறு விஷயம். 2020 நவம்பரில் கொரோனா விதிகளால் டென்வரின் எல்லா குவார்ட்டர்பேக்குகளும் விலக்கப்பட்டபோது, கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்த ரிசீவர் கெண்டல் ஹின்டனை இறக்கினார்கள். 9 எறிதலில் ஒன்று போய்ச் சேர்ந்தது, 13 யார்டு. பயிற்சி விட்டுப்போன கை எவ்வளவு சீக்கிரம் தூரமாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடக் கொடுமையான சோதனை இருக்க முடியாது. அதற்காக அவரைக் குறை சொல்லவே கூடாது. ஒரு நாள் அவகாசத்தில் யாரும் முன்வராத இடத்தில் போய் நின்றார்.

மாறுவது என்று முடிவானால், டிராஃப்டுக்கு முன் அணிகளோடு பேசும்போது மூன்று கேள்வி கேட்கச் சொல்வேன். உங்கள் ஸ்லாட் ரிசீவரின் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது? பண்ட் ரிட்டர்ன் இப்போது யார் ஆடுகிறார்கள்? மாறி வந்த ஒருவரை இந்த ரிசீவர் கோச் இதற்கு முன் பழக்கியிருக்கிறாரா? ஏழாவது சுற்றில்கூட எடுக்கப்படாவிட்டால், எந்த அணியோடு சேர்வது என்பதை வீரரே தேர்ந்தெடுக்கலாம். ஆறாவது, ஏழாவது சுற்றில் தவறான அணியிடம் மாட்டுவதைவிட, இந்த மூன்றுக்கும் நல்ல பதில் வைத்திருக்கும் அணியில் டிராஃப்டுக்கு வெளியே சேர்வது பல சமயம் நல்லது.